அப் எந்தப் பக்கம்

ஏப்ரல் 29, செவ்வாய்

மழை. இடுப்பு பரவாயில்லை. பழைய ரயில் படச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. உறையில் வழக்கம் போல "திரு. எம். தாக்ரே". நாற்பத்தோரு வருடமாக உறுப்பினர். நான் திரு இல்லை, மிஸ் மேவிஸ் தாக்ரே என்று நான்கு முறை எழுதிவிட்டேன். ஐந்தாம் முறை எழுத மாட்டேன். படத்தைப் பார்த்து இடம் சொல்கிறவர் பெண்ணாக இருக்க முடியாது என்று அவர்கள் பதிவேடு நம்புகிறது. நம்பட்டும்.

கடிதத்தில் இருந்த விஷயம் நல்ல விஷயம். படம் 212-க்காக ஹாரப் பேங்க் பழைய ரயில் மேடையில் பெஞ்சு போடுகிறார்கள். ஜூன் 14, சனிக்கிழமை. பித்தளைத் தகட்டில், இடம் கண்டறிந்தவர் என்று என் பெயரும் வரும். காகிதத்தில் கூட ஒழுங்காக வராத பெயர்.

எதிரே இருந்த கம்பளக் கிடங்கை இடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் டீயில் தூசி.

மே 2, வெள்ளி

லிஃப்ட் நின்றுவிட்டது. நான் இருப்பது மூன்றாம் மாடி. போன வருடம் மாற்றிய இடுப்பு படி இறங்காது. வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் பாட்டு போட்டார்கள். அப்புறம் ஒரு பெண், "திங்கட்கிழமைக்குள்ள சரியாயிடும் கண்ணு" என்றாள். அடுத்த திங்கள் வங்கி விடுமுறை என்று அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மே 5, திங்கள்

சரியாகவில்லை.

இரண்டாம் மாடி பெர்னிஸ் ரொட்டியும் பாலும் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் இருந்தவள். ஜமைக்காவிலிருந்து வந்து இங்கே ராவன்ராய்டிலேயே கிழவியானவள். என் மேஜையைப் பார்த்து, "ஒரே படத்த எத்தன வருஷம் பாப்பீங்க மிஸ் மேவிஸ்? அதுவே உங்களப் பாத்துச் சலிச்சிருக்கும்" என்றாள்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் யாராவது இந்த நோட்டைக் குப்பையில் போடுவதற்கு முன்பு தெரிந்துகொள்ளட்டும்.

படம் 212. ஒரு ரயில் மேடை. உயரத்திலிருந்து எடுத்தது. மேடையில் சாமான் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் போர்ட்டர், தொப்பி ஒரு பக்கம் சரிந்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். பின்னால் ஒரு மலை, அதில் கல்குவாரி வெட்டு ஒன்று. பெயர்ப் பலகை இல்லை. போர்க்காலத்தில் எல்லாப் பலகையையும் கழற்றிவிட்டார்கள். பின்பக்கம் பென்சிலில்: "அப் ஹோம் மேலிருந்து. 4.10. மே 44." அப் என்பது வண்டி போகும் திசை. ஹோம் என்பது நிலையத்துக்குள் வரும் வண்டியை நிறுத்திவைக்கிற சிக்னல் கம்பம். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஏறியவன் எடுத்திருக்கிறான்.

அந்தப் பெண் நெல்லி ஆஸ்பினால். இந்தப் பள்ளத்தாக்கில் அப்போது இருந்த கிளைப் பாதையில் ஐந்து நிலையங்கள். எங்கே ஆள் குறைவோ அங்கே அவளை அனுப்புவார்கள். அடுத்த மாதமே கணவன் நார்மண்டிச் சண்டையில் செத்துப்போனான். அதன் பிறகு அவள் சிரித்த படம் ஒன்றும் இல்லை. மகள் ஹெஸ்டர் அப்போது மூன்று மாதக் கரு. "அந்தப் படத்துல நானும் இருக்கேன்" என்பாள். ஒன்பது வயதில் அம்மாவையும் இழந்தவள். 2014-இல் சங்கத்துக்கு எழுதினாள்: இது எந்த நிலையம்?

நான் ஹாரப் பேங்க் என்றேன். சங்கத்து டெஸ்மண்ட் பில்லிங், ஸ்கெல்பி நிலையம் என்றார். பில்லிங் முன்னாள் பூகோள வாத்தியார். நிழலை வைத்து மாலை வெயில் என்று கணக்குப் போட்டார். போர்க்காலத்தில் கடிகாரத்தை இரண்டு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள் என்பதை மறந்துபோனார். 4.10 என்றால் சூரியனுக்கு 2.10. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன்: "உங்க வகுப்புல இதச் சொல்லித் தரலயா ஐயா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. இன்றும் நினைத்தால் இனிக்கிறது.

1998-இல் படம் 114-இன் இடத்தை நான் கண்டுபிடித்து எழுத, சங்கப் புத்தகத்தில் அவர் பெயரில் வந்ததே, அதற்குப் பதிலடி அது. "அச்சுப் பிழை அம்மணி" என்றார் அப்போது. ஒரு தாக்ரே எப்படி அச்சுப் பிழையில் பில்லிங் ஆகும்?

மே 9, வெள்ளி

லிஃப்டுக்கு ஏதோ மின்சுற்றுப் பலகை வேண்டுமாம். அது ஜெர்மனியிலிருந்து வர வேண்டுமாம்.

கீழே தபால்பெட்டி. அதில் என்ன கிடக்கிறதோ.

மே 13, செவ்வாய்

பதினோரு நாள். ஜன்னல், அடுப்பு, கட்டில், ஜன்னல்.

ரயில் பெட்டி சுத்தம் செய்யும் வேலை முப்பத்தோரு வருடம் செய்தேன். பணிமனையில், ஓடாத வண்டிக்குள். வாளி, துணி, அடுத்த பெட்டி. ஷண்டிங் என்ஜின் இழுக்கும்போது மட்டும் ஜன்னலில் உலகம் நகரும். சிக்னல், கம்பம், பாலம், எல்லாம் அப்படித்தான் படித்தேன். இருக்கைக்கு அடியில் யாரோ விட்டுப்போன கால அட்டவணைகளிலிருந்து மீதி. யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது மறுபடியும் ஓடாத வண்டிக்குள்தான் இருக்கிறேன். வாளி மட்டும் இல்லை.

ஹெஸ்டர் போன் செய்தாள். நேற்று ஹாரப் பேங்க் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தாளாம். ஒவ்வொரு மே மாதமும் போகிறாள். பதினோரு வருடமாக. கார்லைலிலிருந்து இரண்டு ரயில், ஒரு பஸ். வயது எண்பது, முழங்கால் இரண்டும் கெட்டுப்போனவள்.

"அங்க நின்னா குளிராவே இல்ல மிஸ் தாக்ரே. வேற எங்கயும் எனக்கு அப்படி இல்ல."

மே 17, சனி

கிடங்கின் கூரை போய்விட்டது. இடையில் ஒரு கீற்று வானம்.

மே 20, செவ்வாய்

பெர்னிஸிடம் சண்டை. மீன் டப்பா தக்காளிச் சாறில் போட்டது வாங்கிவந்துவிட்டாள். நான் எண்ணெயில் போட்டதுதான் சாப்பிடுவேன் என்று ஆறு வருடமாக அவளுக்குத் தெரியும். "அப்ப நீங்களே இறங்கிப் போய் மாத்திட்டு வாங்க மகாராணி" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. அரை மணி கழித்து மீன் பஜ்ஜி நான்கு. பேசாமல் வைத்துவிட்டுப் போனாள். பேசாமல் சாப்பிட்டேன்.

மே 24, சனி

கிடங்கு முழுக்கப் போய்விட்டது.

மலை தெரிகிறது. ஆறு வருடத்தில் இப்போதுதான் இந்த ஜன்னலிலிருந்து மலையைப் பார்க்கிறேன். இரண்டு திமில், நடுவில் கல்குவாரி வெட்டு. வலது திமிலுக்குக் கீழே தேவாலயக் கோபுர நுனி.

எனக்கு அது தெரியும்.

மே 25, ஞாயிறு

திரையை மூடி வைத்தேன். காது கேட்கும் கருவியையும் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை.

மே 26, திங்கள்

சரி, எழுதித்தான் ஆக வேண்டும்.

படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். வெட்டின் இடது விளிம்பு நேராக இறங்கி, பாதியில் ஒரு படி வைக்கிறது. படத்திலும் படி. கோபுர நுனி திமிலைத் தொடாமல் ஒரு விரல் விட்டு நிற்கிறது. படத்திலும் ஒரு விரல். ஹாரப் பேங்க் மலையிலும் வெட்டு உண்டு, ஆனால் அங்கே படி இல்லை. கோபுரம் இல்லை. மரம் வளர்ந்து மறைத்திருக்கும் என்று 2014-இல் எழுதினேன். என்ன அழகாக எழுதியிருக்கிறேன்! "எழுபது ஆண்டு மர வளர்ச்சியைக் கணக்கில் கொண்டால்." மரத்தின் தலையில் போட்டுவிட்டேன்.

ராவன்ராய்டை ஏன் விட்டேன்? குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிலையங்களில் முதலில் அடித்தது ராவன்ராய்டைத்தான். சிவப்புப் பென்சில், இரண்டு கோடு. காரணமும் எழுதியிருக்கிறேன்: லண்டன் நோக்கிப் போகும் வண்டிதான் அப். ராவன்ராய்ட் பாதையின் கடைக்கோடி. அப் வண்டி அங்கிருந்து புறப்படும், ஒரு நாளும் வந்து சேராது. வராத வண்டிக்கு ஹோம் சிக்னல் எதற்கு? ஆகவே ராவன்ராய்டில் அப் ஹோம் இருக்க முடியாது. பில்லிங்கும் இதையே சொல்லித்தான் அதை விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

ஆனால் அந்தப் பாதையைப் போட்டது ஒரு சின்னக் கம்பெனி. அதன் தலைமை அலுவலகம் எங்கே இருந்தது? இங்கே. ராவன்ராய்டில். மில் முதலாளிகள் போட்டது. அவர்களுக்கு லண்டன் யார்? தங்கள் அலுவலகம் பக்கம் வருவதுதான் அப் என்று வைத்திருந்தால்—

வைத்திருந்தால், எல்லா அப் வண்டியும் இங்கே வந்து சேரும். ஹோம் கம்பம் ஊருக்குச் சற்று வெளியே நிற்கும். முப்பது அடி உயரத்தில்.

மூன்றாம் மாடி ஜன்னல் முப்பது அடி.

ஆறு வருடமாக அந்தக் கம்பத்தின் உச்சியில்தான் உட்கார்ந்திருக்கிறேனா?

மே 27, செவ்வாய்

ஹெஸ்டர் போன். தகட்டுக்கு எழுதிய வாசகத்தைப் படித்துக் காட்டினாள். "என் தாய் நெல்லி ஆஸ்பினால் சிரித்து நின்ற ஹாரப் பேங்க் மேடை. இடம் கண்டறிந்தவர் மேவிஸ் தாக்ரே." சங்கச் செயலாளர் இன்றைக்கே செதுக்குகிறவரிடம் கொடுத்துவிடுவாராம்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றேன்.

நல்லா இருக்குன்னு சொன்னேன். இந்த வாயால.

மே 29, வியாழன்

யாருக்குத் தெரியப்போகிறது? மலை அங்கேயே ஆயிரம் வருடமாக நிற்கிறது, யாராவது பார்த்தார்களா? ஜூலையில் அங்கே புதுக் கட்டடம் எழும்பினால் மறுபடி மறைந்துவிடும். ஹெஸ்டருக்கு ஹாரப் பேங்கில் குளிரவில்லை. பெஞ்சு வந்தால் உட்காருவாள். யாருக்கு நஷ்டம்?

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். பில்லிங் இப்படி எழுதியிருந்தால் அவரை என்ன சொல்லியிருப்பேன்?

மே 30, வெள்ளி

திரை மூடியே கிடப்பதைப் பார்த்துவிட்டு பெர்னிஸ் கேட்டாள். "கிடங்க இடிச்சா வெளிச்சம் வரும் வெளிச்சம் வரும்னு ஒரு மாசமா சொன்னீங்க. வந்த வெளிச்சத்த ஏன் வெளிய நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"கண் கூசுது."

"கண்ணா கூசுது?" என்றாள். கெட்டிக்காரி. போகிற போக்கில் திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மேற்கு வெயிலில் கீழே நன்றாகத் தெரிந்தது. கிடங்கின் தரையைப் பெயர்த்திருக்கிறார்கள். அடியில் நேராக ஒரு வரிசைக் கல். ஓரம் தேய்ந்த கல். மேடை விளிம்புக் கல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூறு கஜம் இருக்கும். போய்த் தொட முடியாது. கிரேன்காரன் அதன் மேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறான்.

ஜூன் 1, ஞாயிறு

பெஞ்சுக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

நான் சொல்வது சரிதானா என்று உறுதியாகத் தெரிய ஒரே வழிதான். 1938-ஆம் வருடப் பணியாளர் கால அட்டவணை. அப் எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். பயணிகளுக்கான அட்டவணையில் அப்பும் இருக்காது, அதற்கு எதிர்த்திசையான டவுனும் இருக்காது. அதைத்தான் ஜனங்கள் இருக்கையில் விட்டுப்போவார்கள். பணியாளர் அட்டவணையை யாரும் விட்டுப்போனதில்லை. அதன் ஒரே பிரதி ஒருவரிடம் இருக்கிறது.

யாரிடம் என்று எழுதக் கூட கை வரவில்லை.

ஜூன் 2, திங்கள்

போன் செய்தேன்.

"யாரு?"

"தாக்ரே."

அங்கே ரேடியோவை அணைக்கும் சத்தம். பிறகு, "பதினோரு வருஷம் ஆச்சு அம்மணி. மணி என்ன இப்ப? உங்க கடிகாரத்துலயா, என் கடிகாரத்துலயா?"

காது சிவந்ததை அவரும் மறக்கவில்லை. விழுங்கிக்கொண்டேன். "முப்பத்தெட்டு அட்டவணையை எடுங்க. அப் எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லுங்க."

"அப் எந்தப் பக்கமா? பெட்டி தொடச்சவங்களுக்கு இது கூடவா தெரியாது? லண்டன் பக்கம்."

"எடுத்துப் பாருங்க ஐயா."

"எதுக்கு?"

"எடுங்கய்யா!"

போனைக் கீழே வைத்தார். நாற்காலி நகரும் சத்தம். இருமல். காகிதம்.   

"பதினாலாம் பக்கம்" என்றார். குரல் வேறாக இருந்தது. "'அப்: ராவன்ராய்ட் நோக்கி.' அம்மணி... இது என் அலமாரியில நாப்பது வருஷமா இருக்கு."

அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. தெரிந்த விஷயத்தை யார் புரட்டிப் பார்ப்பார்கள்?

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஜூன் 4, புதன்

பில்லிங் வந்தார். மாடி ஏறவில்லை. "மூணு மாடி ஏறுனா சங்கத்தோட அடுத்த இதழ்ல எனக்கு இரங்கல் குறிப்புதான் வரும். அதையும் நீங்க திருத்துவீங்க" என்றார் போனில். கீழே அவர், மேலே நான். என் கையில் பைனாகுலர். கட்டட வேலைத் தளத்துப் பொறுப்பாளர் அவருக்கு மஞ்சள் தொப்பியும் மினுங்கும் சட்டையும் மாட்டிவிட்டு, பத்து நிமிடம் என்று உள்ளே விட்டார். எண்பத்து நாலு வயதில், நடுரோட்டில் வைக்கிற கூம்பு மாதிரி இருந்தார்.

"இடது பக்கம் போங்க."

"போறேன்."

"அது வலது."

"எனக்கு இடது அம்மணி. நீங்க எதிர்ல இருக்கீங்க."

"நான் எதிர்ல இல்ல, நான் உங்களுக்குப் பின்னால இருக்கேன். கேமரா இருந்த இடத்துல இருக்கேன். மலையப் பாத்து நின்னுட்டு இடது பக்கம் போங்க!"

போனார். படத்தில், நெல்லியின் சாமான் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விளிம்புக் கல் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் இரண்டு சின்னக் கல் பதித்திருக்கும். ஹாரப் பேங்கில் கல்லையெல்லாம் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒத்துப் பார்க்க முடியவில்லை. அதுவும் வசதியாகப் போயிற்று எனக்கு.

பில்லிங் குச்சியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு நடந்தார். பெரிசு. பெரிசு. பெரிசு. நின்றார். குனிய முயன்றார். முடியவில்லை. பிறகு முழங்காலை மண்ணில் ஊன்றி, கைக்குட்டையால் துடைத்தார்.

"சின்னது" என்றார். "பக்கத்துல இன்னொரு சின்னது."

பைனாகுலரைக் கீழே வைத்தேன்.

"நான் சொன்ன ஸ்கெல்பியும் இல்ல, நீங்க சொன்ன ஹாரப் பேங்கும் இல்ல. நாம ரெண்டு பேரும் சேந்து அடிச்சோம் பாத்தீங்களா, அந்த இடம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "யாரு சொல்றது அந்தம்மாகிட்ட?"

"நான்தான சொன்னேன் ஹாரப் பேங்க்னு. நான்தான் சொல்லணும்."

"நானும் கையெழுத்துப் போடுறேனே?"

"வேண்டாம். இது ஒங்க அச்சுப் பிழை இல்ல. என்னோடது."

அவர் எழுந்திருக்க இரண்டு வேலையாட்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 5, வியாழன்

ஹெஸ்டரிடம் சொன்னேன். கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன், தள்ளிப்போட அது ஒரு சாக்கு; தபால்பெட்டியோ கீழே இருக்கிறது. போனில்தான் சொன்னேன். அப், ஹோம், அட்டவணை, இரண்டு சின்னக் கல், எல்லாம். தகட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

 முடித்த பிறகு கேட்டாள்:

"அப்ப பதினோரு வருஷமா நான் எந்த மேடையில பூ வச்சேன்?"

 ஏதோ உளறினேன். போர்க்காலத்தில் அம்மா ஹாரப் பேங்கிலும் ஒருவேளை வேலை பார்த்திருக்கலாம் என்று. ஒருவேளை! என் வாழ்நாளில் ஒருவேளை என்று ஒரு இடம் சொன்னதில்லை.

"வைக்கிறேன் மிஸ் தாக்ரே."

வைத்துவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

போன் இல்லை. பெர்னிஸ் சோறும் பயறும் கொண்டுவந்தாள். அப்படியே இருக்கிறது.

ஜூன் 11, புதன்

லிஃப்ட்காரன் வந்தான். பலகை வந்துவிட்டது, தவறான பலகை. "ஒரு நம்பர் மாறிப்போச்சு பாட்டி. மேல்மாடிக்கு உள்ளதுக்குப் பதிலா வேற ஏதோ வந்திருக்கு." என் வாயில் வசவு வந்தது. வெளியே வரவில்லை. தவறான பலகையைப் பற்றிப் பேச நான் யார்?

ஜூன் 14, சனி

இன்றுதான் அது. வெயில் நன்றாக இருந்தது.

ஹாரப் பேங்கில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் இங்கே.

ஜூன் 17, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஜூன் 21, சனி

மதியம் இரண்டு மணிக்குப் போன். "எந்த ஜன்னல்?"

வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ஹெஸ்டர். எட்டிப் பார்த்தேன். கீழே வேலியோரம் ஒரு டாக்ஸி, நீல மேல்சட்டை போட்ட சின்ன உருவம், கையில் கைத்தடி. பதினோரு வருடமாகப் போனில் கேட்ட குரலுக்கு இதுதான் உருவம். நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை.

"மூணாவது மாடி. கைய ஆட்டுறேன் பாருங்க."

கையில் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி இருந்தது. அதையே ஆட்டினேன்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள். "எங்க?"

"பச்சை இயந்திரம் தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம். கல்லு வரிசையில ரெண்டு சின்னக் கல்லு இருக்கும். அதுக்கு மேல நின்னாங்க. ஒங்களப் பாத்த மாதிரி. இல்ல, என்னைப் பாத்த மாதிரி. கேமரா இங்கதான் இருந்தது."

வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். போனில் காற்றுச் சத்தம். பிறகு சொன்னாள்:

"ஒங்க மேல கோவம் போகல."

"போக வேண்டாம்."

"ஆனா அம்மா யாரப் பாத்துச் சிரிச்சாங்கன்னு இத்தன வருஷமா யோசிச்சேன். கம்பத்து மேல எவனோ ஏறி நின்னு கத்தியிருக்கான். அதான? இப்ப நீங்க துணிய ஆட்டுன மாதிரி ஏதாவது பண்ணியிருக்கான்."

"இருக்கும்" என்றேன். உறுதியாகத் தெரியாததை ஒரு மாதத்தில் இரண்டாம் முறை சொன்னேன்.

பூவை வேலிக் கம்பியில் செருகிவிட்டு டாக்ஸியில் ஏறினாள். கிழக்குக் காற்று. இரண்டு ரயில், ஒரு டாக்ஸி. குளிராக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

கட்டட வேலைக்காரர்கள் அந்தக் கல் வரிசையை மூடிவிட்டார்கள். மேலே வண்டி நிறுத்தும் இடம் வருகிறதாம். பில்லிங் அதற்குள் படமெடுத்து, அளந்து, நிலையத்தின் வரைபடமே போட்டுவிட்டாராம். போனில் ஒரு மணி நேரம் அளவுகளைப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் தவறு. சொன்னேன். "தெரிஞ்சுதான் விட்டேன் அம்மணி, நீங்க கேக்கறீங்களான்னு பாக்க" என்றார். பொய்.

ஜூலை 2, புதன்

லிஃப்ட் ஓடுகிறது. அறுபத்தோரு நாள்.

பெர்னிஸ் வந்து கதவைத் தட்டி, "கீழ வாங்க" என்றாள். "நாளைக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து கீழே லிஃப்ட் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, சனி

கீழே போனேன்.

கட்டடத்துக்கு முன் புல்வெளியில், வேலியோரம், பெஞ்சு வந்துவிட்டது. ஹெஸ்டர் இங்கேயே போடச் சொல்லிவிட்டாள். அவள் இன்று வரவில்லை. முழங்கால். பில்லிங் வந்திருந்தார், தன் பேரன் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டோடு. நகர்ந்து இடம் விட்டார்.

"அப் பக்கம் உட்காருங்க."

"நீங்க இருக்கறதுதான் அப் பக்கம். எனக்கு விட்டது டவுன்."

எழுந்து மாறி உட்கார்ந்தார்.

தகட்டில் இரண்டே வரி. "நெல்லி ஆஸ்பினால், போர்ட்டர். மே 1944-இல் இதன் எதிரே நின்று சிரித்தாள்." அவ்வளவுதான். நான் கேட்டபடியே. விரலால் தடவிப் பார்த்தேன். தகடு கொஞ்சம் கனம்.

"பழைய தகடுதான்" என்றார் பில்லிங். "செதுக்கி முடிச்சிருந்தாங்களாம். வீணாக்க வேண்டாம்னு அந்தம்மா திருப்பிப் போட்டு, பின்பக்கம் புதுசா எழுதச் சொல்லிட்டாங்க. ஹாரப் பேங்கும் ஒங்க பேரும் உள்ள இருக்கு. ரெண்டு திருகாணிதான். வேணும்னா ஒரு தடவ கழட்டிப் பாத்துக்கலாம்." பையிலிருந்து திருப்புளி எடுத்தார். கொண்டே வந்திருக்கிறார் மனிதர்.

"என்ன பேரு போட்டிருக்கு? முழுசா."

தயங்கினார். தொண்டையைச் செருமினார். "செயலாளர் பதிவேட்டப் பாத்துத் திருத்திக் குடுத்திருக்காரு. 'இடம் கண்டறிந்தவர் திரு. எம். தாக்ரே'ன்னு."

திருப்புளியை உள்ளே வைக்கச் சொன்னேன்.

ஹாரப் பேங்க் என்று தப்பாகச் சொன்னவர் அவர்தான். திரு. எம். தாக்ரே. அவர் உள்ளே பெஞ்சு மரத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கட்டும்.